அம்மாவுக்கு ஒரு கம்பளி

ஆடி மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம். ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், மாரியம்மன் கோயில் வாசலில் பெரிய அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மறுநாள் உச்சிவேளையில் தெரு முழுவதற்கும் கூழ் ஊற்ற வேண்டும். அதற்கு அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தாக வேண்டும். வருஷா வருஷம் மாவு கரைப்பவள் சின்னப்பொண்ணு. முந்தானையை இடுப்பில் செருகி, வளையல்களை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு அவள் தயாராக நின்றாள்.

அப்போதுதான் அமுதவல்லி சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். பின்னால் அவளுடைய அண்ணன் இராமதாஸ்.

"என்னாடி, நேத்துதான் வந்த, அதுக்குள்ள பொட்டியோட கெளம்பிட்ட?" என்றாள் சின்னப்பொண்ணு.

"ஏன்க்கா, வந்ததும் தொரத்துறியா?"

அமுதவல்லி இந்தத் தெருவில் பிறந்தவள்; மில் தொழிலாளியின் மகள். அவள் கணவன் அன்பழகனின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் அன்பழகனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. கல்யாணமான கையோடு பாரிசுக்கு வடக்கே ஓர் ஊருக்குப் போனவள், அங்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் வேலை பார்த்துக்கொண்டு, அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கிறாள்.

கோயில் வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். உள்ளே மஞ்சள் நூலால் வாய் கட்டிய ஆறு துணிப் பைகள்.

"மடிப்பிச்சைக்கா. நாளைக்கு ஊத்துற கூழுல சேக்கணும்."

மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்கிறவர்கள் செய்வது இது. மஞ்சள் புடவை கட்டி, ஏழு வீட்டு வாசலில் மடியேந்தி நின்று, கொடுக்கிற தானியத்தை வாங்கிக் கூழில் சேர்ப்பார்கள். லட்சாதிபதி வீட்டுப் பெண்ணானாலும் சொந்தக் காசில் வாங்கிய மாவு அதற்கு ஆகாது. இன்னொருவரிடம் கையேந்துவதுதான் அங்கே காணிக்கை.

அமுதவல்லியின் வேண்டுதல் என்ன என்று தெருவுக்கே தெரியும். போன குளிர்காலத்தில் அன்பழகன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சாய்ந்தான். கட்டடத்தின் லிஃப்ட் வழக்கம்போல ஓடவில்லை. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் அவனை நாற்காலியோடு தூக்கி, ஐந்து மாடி இறக்கி ஆம்புலன்சில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு அவள் வேண்டிக்கொண்டாள்: உயிரோடு திருப்பிக் கொடு தாயே, ஏழு வீட்டில் மடியேந்தி, பிறந்த தெருவில் உன் வாசலிலேயே கூழாக ஊற்றுகிறேன். அன்பழகன் பிழைத்துக்கொண்டான். தூரப் பயணம் கூடாது என்று டாக்டர் சொன்னதால், அவள் மட்டும் வந்திருக்கிறாள்.

கோயில் கமிட்டித் தலைவர் நெடுமாறன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பையைத் தூக்கிப் பார்த்தார். அமுதவல்லியின் அப்பாவோடு ஒரே மில்லில் தறி ஓட்டியவர். அவளுக்குச் சித்தப்பா முறை. பையின் மேல் பெரிய எழுத்தில் 'மில்' என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"என்னா வல்லி இது, மில்லுன்னு போட்டிருக்கு? நம்ம மில்ல மூடி இத்தினி வருஷம் கழிச்சு மூட்ட கட்டி அனுப்புறானா பிரான்சுக்காரன்?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"அந்த ஊர்ல கம்புக்கு மில்லுன்னு பேரு சித்தப்பா. நானும் மொதல்ல உங்கள மாதிரிதான் முழிச்சேன். 'மில் இருக்கு, வேணுமா'ன்னு கேக்குறா. எங்கப்பா வேல செஞ்ச மில்லு இவகிட்ட எப்பிடி வந்துச்சுன்னு பாத்தா, உள்ள கம்பு மாவு! பத்துமத்தான்னு பேரு. ஆப்பிரிக்காவுல மாலின்னு ஒரு நாடு, அங்கேருந்து வந்தவ. அவங்களும் கம்பங்கூழு காச்சி, புளிச்ச மோரு ஊத்திதான் குடிப்பாங்களாம்."

சின்னப்பொண்ணு அடுத்த பையைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். "இது கேவுருடி!"

"அது யாழ்ப்பாணத்து சிவநேசன் வீட்டுல குடுத்தது. அவங்க கொரக்கன்னு சொல்றாங்க. வியட்நாம்காரி லின் குடுத்தது நொய்யி. கதீஜா வீட்டுல ரவ. ஓட்ஸ் குடுத்தது ழூலின்னு ஒரு வெள்ளக்காரப் பொண்ணு. மக்காச்சோள மாவு லூர்து குடுத்தா."

"லூர்தா? நம்ம ஊரு பேராட்டம் இருக்கே!"

"போர்ச்சுகல்காரிக்கா. கட்டடத்துல படி கூட்டுறா."

நெடுமாறன் சிரிக்கவில்லை. பையைப் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்தார்.

"பேச்செல்லாம் நல்லாதான் இருக்கு. ஆனா இது அம்மா சோறு வல்லி. அந்த வீட்டுக்காரங்களுக்கு அம்மா யாருன்னு தெரியுமா? தெரிஞ்சு குடுத்தா மடிப்பிச்ச. தெரியாம குடுத்தா அது வெறும் மாவு."

"தெரிஞ்சுதான் குடுத்தாங்க. மொதல்ல தெரியல, அப்புறம் தெரிஞ்சுது" என்ற அமுதவல்லிக்கு, சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. "அத ஏன் கேக்குறீங்க!"

அங்கே நடந்தது இதுதான். மஞ்சள் புடவைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு, வீடு வீடாய்ப் போய் மடியை விரித்தாள். அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு சமையற்கட்டுப் பிரெஞ்சு. வேண்டுதல், காணிக்கை இதற்கெல்லாம் அதில் வார்த்தை இல்லை. 'அம்மாவுக்காகக் கேட்கிறேன், கொஞ்சம் மாவு கொடுங்கள்' என்று மட்டும் சொன்னாள்.

"அவங்களுக்கு அது எப்பிடி வெளங்குச்சு தெரியுமா? புருஷன் வேலைக்குப் போவாம கெடக்கான், ஊர்லேருந்து கெழவி வேற வந்துருக்கா, வீட்டுல சோத்துக்கு வழியில்ல, அதான் பாவம் பொடவைய ஏந்திக்கிட்டு வருதுன்னு!"

"ஐயய்யோ!"

"சாயங்காலம் கதவத் தட்டுறாங்க. தொறந்தா மாடிப்படி முழுக்க ஆளுங்க. அட்டப்பொட்டி அட்டப்பொட்டியா நூடுல்ஸு, பாலு, டப்பா மீனு. வயசானவங்களுக்குப் பல்லு இருக்காதுன்னு கதீஜா ஊறவெச்சுத் தின்ற பிஸ்கட்டு கொண்டாந்துருக்கா. ஒருத்தரு கைத்தடி! சரி, அம்மாவ கூப்புடு பாக்கணும்னு எல்லாரும் உள்ள வந்துட்டாங்க."

"நீ என்னாடி செஞ்ச?"

"என்னாத்த செய்யிறது? பூஜ மாடத்துக் கதவத் தொறந்து காட்டுனேன். இவதான் எங்கம்மான்னு."

சின்னப்பொண்ணு அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தெருப் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். இராமதாஸ், இந்தக் கதையை நேற்றே கேட்டவன், மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் எங்க வீட்டுக்காரரு எழுந்து வந்து அவங்க பாஷையில பொறுமையா எடுத்துச் சொன்னாரு. சாப்பாட்டுப் பொட்டியெல்லாம் இல்லாதவங்களுக்குக் குடுக்குற எடத்துல சேத்துட்டோம். மறுநாளு அவங்களே ஒவ்வொருத்தரா வாசல்ல நின்னு கூப்புட்டு, 'உங்கம்மாவுக்கு'ன்னு சொல்லி, கையால அள்ளி மடியில போட்டாங்க. லூர்து மட்டும் ஒண்ணத் திருப்பி வாங்கிக்க மாட்டேன்னுட்டா."

பெட்டியின் அடியிலிருந்து சாம்பல் நிறக் கம்பளி ஒன்றை அமுதவல்லி எடுத்தாள். ஓரம் பிரிந்து தைத்திருந்தது.

"கெழவிக்குக் குளிருமேன்னு கொண்டாந்தது. சாமின்னு தெரிஞ்சப்புறமும், 'சாமியா இருந்தா என்ன, உங்க ஊர்லேருந்து வந்தவதான, இந்த ஊரு குளிரு அவளுக்குப் பழக்கமிருக்காது'ன்னு மாடத்துலயே போத்திட்டுப் போயிட்டா."

"ஆடிப் புழுக்கத்துல அம்மாவுக்குக் கம்பளியா!" என்று யாரோ சொல்ல, மறுபடியும் சிரிப்பு.

நெடுமாறன் கம்பளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்:

"பை ஆறுதான இருக்கு? வேண்டுதலு ஏழு வீடு."

அமுதவல்லியின் சிரிப்பு நின்றது. "மேல் மாடியில ஒருத்தரு, முசியேன்னுதான் கூப்புடுவோம். கதவ சாத்திட்டாரு. மறுநாளு இன்னொரு வீட்டுல கேக்கலாம்னு இருந்தேன், எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கி மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பிடியே நாளு ஓடிப்போச்சு."

"அப்ப வேண்டுதலே முடியலியே. முடியாத வேண்டுதல அம்மா அண்டாவுல எப்பிடிக் கொட்டுறது? இத கோயில்ல வெச்சுட்டுப் போ. அடுத்த ஆடிக்கு ஏழும் ஒழுங்கா எடுத்துக்கிட்டு வா." எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வெயில் கோபுரத்தின் பாதிக்கு ஏறிவிட்டிருந்தது. இராமதாஸ் தங்கையின் அருகில் குந்தினான். "வுடு வல்லி. எங்க வீட்டுல கேவுரு இருக்கு, அத சேத்துக்க. அண்ணி போடுவா."

"பொறந்த வீட்டுல வாங்குனா பிச்சயாண்ணா அது? சீர்."

"நாளைக்கு அவங்களுக்கு போன்ல காட்டுறேன்னு சொல்லியிருக்கியே."

அதுதான் அவளை உறுத்தியது. நாளை உச்சிவேளையில் அங்கே காலை. ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு ஆறு வீட்டுக்காரர்களும் அன்பழகனைச் சுற்றி உட்காரப் போகிறார்கள். உங்கள் மாவு எங்கள் கோயில் வாசலில் ஏற்கப்படவில்லை என்று அவர்களிடம் எந்த வார்த்தையால் சொல்வது? அவளிடம் இருக்கிற பிரெஞ்சில் அதற்கும் வார்த்தை இல்லை. இருந்தாலும் சொல்ல நாக்கு வராது.

"நான் இன்னும் கொஞ்ச நேரம் கைய நனைக்காம நிக்கிறேன்" என்றாள் சின்னப்பொண்ணு, வேறெங்கோ பார்த்தபடி. "பொழுது சாஞ்சா என்னால ஆவாது. ஏழாவது வீடு எங்கயாச்சும் இருக்கும், போய்ப் பாரு."

அமுதவல்லி எழுந்தாள். சின்னப்பொண்ணு வீடு பக்கத்திலேயே இருந்தது. கேட்டால் உடனே கிடைக்கும். அவள் அந்தப் பக்கம் போகவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சுடுகிற சிமெண்டுத் தெருவில் நடந்து, நெடுமாறன் வீட்டு வாசலில் போய் நின்றாள். முந்தானையை இரண்டு கையாலும் விரித்தாள்.

"தாயே, மடிப்பிச்சை."

கதவைத் திறந்தது நெடுமாறனின் மனைவி கமலா. உள்ளே நாற்காலியில் நெடுமாறன். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"என்னா வல்லி, இங்க வந்து நிக்குற?"

"ஏழாவது வீடு சித்தப்பா."

"வேணாம்னு சொன்னவனே நான்தான். என் வாசல்லயா?"

"வேணும்னு சொல்றவங்க வாசல்ல நிக்கிறது என்னா பெருசு? அங்க அந்த முசியே சாத்துனாரு. நீங்களும் சாத்தலாம். குடுக்குறது உங்க இஷ்டம். கேக்குறது என் வேல."

நெடுமாறன் காப்பி டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு, "அந்தக் கம்பளி... அது அவ வீட்டுல சும்மா கெடந்ததா?" என்று கேட்டார்.

"அவ போத்திக்கிட்டு இருந்தது. ராத்திரியில."

"பசின்னு நெனச்சு எல்லாரும் படியேறி வந்தாங்களாக்கும்."

"லிஃப்ட்டு ஓடல சித்தப்பா. பத்துமத்தாவுக்கு முட்டி வலி வேற."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மில்லு மூடுனப்ப இந்த வீட்டுல பல நாளு அடுப்பு எரியல. தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாத மாதிரி பாத்துக்கிட்டேன். ஒருத்தரும் வந்து கதவத் தட்டல. அந்த ஆங்காரம் இன்னும் இங்க கெடக்கு." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"பொய் சொல்லாத" என்றாள் கமலா. அவள் குரலில் கோபமில்லை. "இவ அப்பா ரெண்டு தரம் பையோட வாசல் வரைக்கும் வந்தாரு. நீ திண்ணையில ஒக்காந்துக்கிட்டு மொறச்ச மொறப்பப் பாத்துட்டு, 'சும்மாதான் வந்தேன்'னு திரும்பிப் போனாரு. கேட்டிருந்தா அள்ளிக் குடுத்திருக்கும் இந்தத் தெரு. நீதான் யாரையும் கேக்க வுடல, குடுக்கவும் வுடல."

கொடுப்பதற்குப் பெரிய மனது வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். வாங்கிக்கொள்வதற்கும் வேண்டும். ஒருவன் தன் மடியை விரிக்கும்போதுதான் மற்றவன் கைக்கு வேலை கிடைக்கிறது. அம்மன் தன் பிள்ளைகளைப் பிச்சையெடுக்கச் சொல்லி வைத்தது அதற்காகத்தான் இருக்க வேண்டும்.

நெடுமாறன் எழுந்து உள்ளே போனார். பானை மூடி நகரும் சத்தம் கேட்டது. "அந்த டப்பாவுல இல்ல, இந்தாண்ட" என்று கமலா வழி சொன்னாள். "தெரியும் தெரியும்" என்றார் அவர். முறத்தில் கேழ்வரகு மாவோடு வந்து வாசற்படியில் நின்றார். படிக்கு மேலே நின்று கொடுக்க அவருக்கு ஒப்பவில்லை. கீழே இறங்கி, தெருவில் அவளுக்கு எதிரே நின்று, இரண்டு கையாலும் அள்ளி மடியில் போட்டார்.

"உங்கம்மாவுக்கு" என்றார். அந்த ஆறு வீட்டுக்காரர்கள் சொன்ன அதே சொல்.

அமுதவல்லி மடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அழுதுக்கிட்டு நிக்காத. பொழுது சாயுது. சின்னப்பொண்ணு என்னத்தான் வைவா, ஓடு!"

சின்னப்பொண்ணு ஏழையும் ஒன்றாகக் கொட்டிக் கரைத்தாள். ஓட்ஸைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். ரவை அடியில் பிடிக்கும் என்று முணுமுணுத்தாள். ஆனாலும் ஒரு பிடி மிச்சம் வைக்கவில்லை. எல்லாம் ஒரே நிறமாக வந்தது.

மறுநாள் உச்சிவேளை. பம்பையும் உடுக்கையும் ஓய்ந்து, தீபாராதனை முடிந்தது. சொம்பும் தூக்கும் குடமுமாக வரிசை தெருமுனை வரை நின்றது. தட்டாஞ்சாவடி பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள், கிராமத்திலிருந்து பேருந்தில் வந்தவர்கள், வழியில் போகிற ஆட்டோக்காரர்கள் என்று யாருக்கும் இல்லை என்று சொல்லாத நாள் அது. இராமதாஸ் கைபேசியை உயரப் பிடித்தான். திரையில் அன்பழகன், அவனைச் சுற்றி ஒரு சோபாவில் எத்தனை பேர் உட்கார முடியுமோ அதற்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெரிய பூப்போட்ட தலைத்துணியோடு பத்துமத்தா. ஓரத்தில் லூர்து, இதற்காகவே தலைசீவிப் பொட்டு வைத்துக்கொண்டு.

"மேல் மாடிக்காரரு வந்தாரா?" என்று கேட்டாள் அமுதவல்லி.

"இல்ல, கதவு சாத்திதான் இருக்கு" என்றான் அன்பழகன். "ஆனா நேத்து படியில பாத்தப்ப, உடம்பு எப்பிடி இருக்குன்னு கேட்டாரு."

கோயில் வழக்கப்படி, ஊற்றத் தொடங்கும் முன் உபயம் செய்தவர்கள் பெயரை மைக்கில் சொல்ல வேண்டும். நெடுமாறன் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார். தெரு முழுவதும் கொய்யென்று கேட்டது. அமுதவல்லி பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயராகக் காதில் சொன்னாள்.

"மெய்யன்பர்களே! இன்றைய கூழ் வார்த்தலுக்கு மடிப்பிச்சை அளித்த உபயதாரர்கள். பிரான்சு நாட்டிலிருந்து, திருமதி பத்துமத்தா அம்மாள் அவர்கள் குடும்பத்தார், கம்பு! திருமதி லூர்து அம்மாள் அவர்கள் குடும்பத்தார், மக்காச்சோளம்! திருமதி கதீஜா அம்மாள் அவர்கள்..."

ஒவ்வொரு பெயருக்கும் அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் பெயரை வாசிப்பதுபோல, ஒரு மரியாதைச் சொல்லும் குறையாமல் சொன்னார். லின் அம்மாள் என்றபோது வரிசையில் ஒருவர் "நம்ம ஆளா?" என்று கேட்டார், "ஆமா, நம்ம ஆளுதான்" என்றார் பின்னாலிருந்தவர். விழுப்புரம் சாலையில் போன பேருந்துக்குக்கூட அந்தப் பெயர்கள் கேட்டிருக்கும். திரையில் தன் பெயரைக் கேட்ட பத்துமத்தா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். வந்த நாட்டில் எத்தனையோ அலுவலகத்தில் அவள் பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள்; முன்பின் தெரியாத ஒரு தெரு அதை ஒலிபெருக்கியில் கொண்டாடியதில்லை.

"ஏழாவதாக..." நெடுமாறன் நிறுத்தினார். மைக்கை மூடிக்கொண்டு இருமினார். "அத வுடு, கூழ ஊத்துங்க."

"அதெப்பிடி வுடுறது?" அகப்பையோடு நிமிர்ந்தாள் சின்னப்பொண்ணு. "ஊரு பேரெல்லாம் சொன்ன வாய்க்குத் தன் பேரு வரலியா? கமலாண்ணி, நீயாச்சும் சொல்லு!"

கமலா அதுவரை மைக் பிடித்ததில்லை. கணவன் கையிலிருந்து அதை வாங்கி, வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்: "ஏழாவது வீடு எங்க வீடுங்க. அந்த ஆறு வீட்டுக்காரங்களும் இனிமே எங்களுக்கு ஒறவுமொற. அவ்ளோதாங்க."

தெரு கைதட்டியது. அன்பழகன் பிரெஞ்சில் எடுத்துச் சொல்ல, ஒரு மூச்சு தாமதித்து அந்தக் கட்டடமும் கைதட்டியது. அமுதவல்லி முதல் அகப்பையை மொண்டு, அம்மன் வாசலில் ஊற்றிவிட்டு, இரண்டாவதை வரிசையில் முதலில் நின்றவரின் சொம்பில் ஊற்றினாள். பிறந்த தெருவும் பிழைத்த தெருவும் அந்த ஒரே அகப்பையில் இருந்தன.

திரையில் பத்துமத்தா ஏதோ கேட்டாள்.

"என்னா சொல்றா?" என்றாள் சின்னப்பொண்ணு.

"புளிப்பு சரியா இருக்கான்னு கேக்குறாக்கா. கம்புன்னா நல்லா புளிக்கணுமாம்."

"எனக்கே சொல்லித் தராளா?" சின்னப்பொண்ணு முகத்தைத் திரைக்கு நேரே கொண்டுபோனாள். அவளுக்குத் தெரிந்த ஒரே மொழியில், சத்தம் போட்டால் புரிந்துவிடும் என்ற நம்பிக்கையில் சொன்னாள்:

"வந்து குடிச்சுப் பாரு தாயீ! ஒரு சொம்ப எடுத்துக்கிட்டு வா. வரிசை பெருசா இருக்கு."